கராசுக்குப் புறப்படாத லாரி

9 ஜனவரி 1996

மாவட்ட வானொலியின் மைக்கை ஆளும் மாண்புமிகு ராவ்ஷான் அக்காவுக்கு,

பொதுமக்கள் கவனத்துக்கு ஓர் அறிவிப்பு. நேற்றுக் காலை எட்டு மணி பத்து நிமிடத்துக்கு, நம் வீட்டுச் செம்மறிக்கிடா என் ரோமத் தொப்பியின் இடது காதைத் தின்றுவிட்டது. இறுதிச் சடங்கு எளிய முறையில் நடந்தது. வலது காது நலம், ஆனால் தனிமையில் வாடுகிறது. அரசு விடுமுறை எதுவும் அறிவிக்கப்படவில்லை என்பதில் எனக்கு வருத்தம்.

இனி சின்னச் செய்திகள். அம்மா நலம். அப்பா நலம், அவர் கோபமும் நலம். பக்கத்து வீட்டு தௌலெத் அண்ணனுக்குக் கல்யாணம். 21-ஆம் தேதி ஞாயிறு காலை கராசு கிராமத்துக்குப் போய்ப் பெண்ணை அழைத்துவர வேண்டும். நாற்பத்தைந்து கிலோமீட்டர், அப்பாவின் லாரி, பின்னால் கம்பளம் விரித்துப் பத்துப் பேர். ஓட்டுகிற அப்பாவோடு சேர்த்துப் பதினோரு பேர். அவர் இப்போதே மாப்பிள்ளையைவிட அதிகமாக மீசை முறுக்குகிறார்.

தினமும் சாயங்காலம் ஆறு முதல் பத்து வரை கரண்ட் இல்லை. நீ ஆறு மணிக்குத்தான் வானிலை வாசிக்கிறாயாம். நம் ஊரில் ஒருவர்கூட உன் குரலைக் கேட்டதில்லை. கேட்டாலும் நம்ப மாட்டார்கள். போன குளிர்காலத்தில் புயல் வரும் என்று ரேடியோ சொல்லி, அப்பா வைக்கோல் எடுக்கப் போகாமல் வீட்டில் இருந்தார். அன்று அடித்த வெயிலில் பூனை கூரைமேல் ஏறித் தூங்கியது. அன்றிலிருந்து அப்பாவுக்கு ஒரே வசனம்: "ரேடியோக்காரன் ஜன்னலத் திறந்து வெளிய பார்க்கவே மாட்டான்டா."

உனக்குப் பணி, எனக்குப் பனி. தினமும் தொழுவம் வரைக்கும் வாரித் தள்ளுகிறேன். பதில் போடு. மூன்று கடிதத்துக்குப் பாக்கி வைத்திருக்கிறாய்.

ஒற்றைக்காதுத் தம்பி,
மனர்பெக்


14 ஜனவரி 1996

அன்புத் தம்பி மனருக்கு,

தொப்பியின் ஆன்மா சாந்தி அடையட்டும். பார்சலில் புதுத் தொப்பி வருகிறது. கிடாவுக்குக் காட்டாதே.

இனி விளையாட்டை நிறுத்திவிட்டு இதைப் படி. மலைப்பக்கமிருந்து வரும் கணக்குகள் சரியில்லை என்று வானிலை நிலையத்தில் பேசிக்கொள்கிறார்கள். அடுத்த வார இறுதியில் புரான், அதாவது கண்ணை மறைக்கும் பனிப்புயல், அடிக்கலாம். 'அடிக்கலாம்' என்பதுதான் இன்றைக்குச் சொல்ல முடிந்தது. நாள் நெருங்கினால்தான் உறுதியாகத் தெரியும். தெரிந்த உடனே, எந்த நிகழ்ச்சி ஓடினாலும் நிறுத்திவிட்டு நான் வாசிப்பேன். ஆகவே பேட்டரியோ பிசாசோ எதையாவது மாட்டி, வெள்ளியும் சனியும் ரேடியோவைத் திறந்து வை.

கராசு சாலையில் பாதிக்கு மேல் ஒரு வேலிகூட இல்லை என்பது உனக்குத் தெரியும். போயே ஆக வேண்டும் என்றால் லாரியில் இரண்டு மண்வெட்டி, கம்பளிகள், ரொட்டி, ஸ்டவ், தீப்பெட்டி இருக்கட்டும். வழியில் மாட்டிக்கொண்டால் யாரும் வண்டியைவிட்டு இறங்கி நடக்கக் கூடாது. புகைக்குழாயைப் பனி மூடாமல் பார்த்துக்கொண்டு, கொஞ்ச நேரம் மட்டும் எஞ்சினை ஓட்டச் சொல். இதையெல்லாம் அப்பாவிடம் நான் சொன்னதாகச் சொல்லாதே. ஆசிரியை வேலையை விட்டுவிட்டு ரேடியோவுக்கு வந்ததிலிருந்து அவர் எனக்கு ஒரு வரி எழுதவில்லை. நீயாகச் சொல்வதுபோல் சொல்.

பதினோரு பேர், மனர். அதில் ஒருவர் அப்பா.

உன் அக்கா,
ராவ்ஷான்


26 ஜனவரி 1996

உயிரோடு இருக்கும் பதினோரு பேரின் சார்பில், அவர்களைக் காப்பாற்றியவன் எழுதுவது.

அக்கா, உட்கார்ந்துகொண்டு படி. உன் தம்பி இப்போது இந்த ஊரின் மாபெரும் மனிதன். நடக்கும்போது பனி தானாக விலகுகிறது.

நீ சொன்னபடி செய்தேன். அப்பா தினமும் சாயங்காலம் லாரியின் ரேடியேட்டரிலிருந்து தண்ணீரை இறக்கிவிட்டு, பேட்டரியைக் கழற்றிக் கைக்குழந்தைபோல் தூக்கிவந்து அடுப்புப் பக்கம் படுக்க வைப்பார் அல்லவா. அம்மாவும் அப்பாவும் பவுர்சாக் பலகாரம் சுட மாப்பிள்ளை வீட்டுக்குப் போனதும், அதில் இரண்டு கம்பியைக் கொடுத்து ரேடியோவை மாட்டினேன். வியாழன் முதல் சனி வரை மூன்று நாளும் கடமையே கண்ணாக வானிலை கேட்டேன். சனிக்கிழமை ஆறே முக்காலுக்கு நீ வந்தாய். ஞாயிறு முற்பகலில் புரான், விநாடிக்கு முப்பது மீட்டர் காற்று, கராசு சாலையில் யாரும் போகாதீர்கள்.

அப்பாவிடம் சொன்னால் பூனை வெயில் காய்ந்த கதையைத்தானே சொல்வார்? ஆகவே தந்திரம். லாரி ஹெட்லைட் பல்பு ஒன்றைப் பேட்டரியில் மாட்டி, அதன் கடைசிச் சொட்டு உயிரையும் திட்டமிட்டு உறிஞ்சினேன். காலையில் அப்பா சாவியைத் திருப்புகிறார், லாரி கொட்டாவி விடுகிறது. பின்னால் பத்துப் பேர் புத்தாடையில் விறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அப்போது நான் பானெட்மேல் ஏறி நின்று, காற்றின் வேகம், பனியின் ஆழம், மனித உயிரின் மதிப்பு மூன்றையும் பற்றி ஓர் உரை ஆற்றினேன். சிலர் கண் கலங்கினார்கள். மாப்பிள்ளையின் அம்மா குல்யாஷ் அத்தை மட்டும், "கெளம்பின கால் திரும்பினா அபசகுனம்டா, வாய மூடு" என்றாள். கடைசியில் என் சொல்லே நின்றது.

பதினொன்றரைக்கு வந்தது பார், அக்கா. முதலில் தந்திக் கம்பம் காணோம், பிறகு தௌலெத் அண்ணன் வீடு காணோம், பிறகு என் கையே காணோம். வீட்டிலிருந்து தொழுவத்துக்குக் கயிறு கட்டி அதைப் பிடித்துக்கொண்டு போய் மாட்டுக்குத் தீனி வைத்தோம். இரண்டு பகல், இரண்டு இரவு. அடங்கியபோது லாரி நின்ற இடத்தில் ஒரு வெள்ளை மேடு. மண்வெட்டியால் தோண்டிக் கண்டுபிடித்தோம். பாதிச் சாலையில் அது மேடாகியிருந்தால் யார் தோண்டுவது என்று அப்பா கேட்டார்.

நேற்று வியாழன், நல்ல வெயிலில் பெண் வந்துவிட்டாள். குல்யாஷ் அத்தை எனக்குத்தான் முதல் தட்டு குதிரைக்கறி வைத்தாள். அபசகுனத்தைப் பற்றிப் பேச்சே இல்லை.

வெற்றி வீரன்,
மனர்பெக்


31 ஜனவரி 1996

என் தங்கத் தம்பிக்கு,

சனிக்கிழமை வாசித்து முடித்ததிலிருந்து உன் கடிதம் வரும்வரை நான் சரியாகச் சாப்பிடவில்லை. மைக்கில் பேசுவது கிணற்றுக்குள் கூப்பிடுவதுபோல, யாருக்குக் கேட்டது என்று தெரியவே தெரியாது. தொலைபேசிக் கம்பி அறுந்துவிட்டது என்றார்கள். தபாலில் உன் கோணல் கையெழுத்தைப் பார்த்ததும் படிக்கட்டிலேயே உட்கார்ந்து படித்தேன், அழுதேன், பானெட் உரை வந்ததும் சிரித்தேன்.

எங்கள் செய்தி ஆசிரியரிடம் காட்டினேன். அவருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. எச்சரிக்கையைக் கேட்டதால் பதினோரு பேர் பிழைத்தார்கள் என்று ஊருக்குத் தெரிந்தால்தான் அடுத்த முறை எல்லோரும் கேட்பார்கள் என்கிறார். ஆகவே அடுத்த வாரம் வெள்ளி, பிப்ரவரி 9-ஆம் தேதி, மாலை ஆறு மணிக்கு உன் கடிதத்தை ஒரு வரி விடாமல் நானே வாசிக்கிறேன். உன் பெயரோடு. அப்பாவிடம் சொல், ஒரே ஒரு நாள் மட்டுமாவது கேட்கட்டும். என் குரலுக்காக இல்லை, உனக்காக.

பெருமையோடு,
அக்கா


5 பிப்ரவரி 1996

அக்கா,

தபால் வண்டி வெளியே ஹாரன் அடித்துக்கொண்டிருக்கிறது. வேகமாக எழுதுகிறேன். அந்தக் கடிதத்தை வாசிக்காதே.

புரானுக்குப் பிறகு அப்பா பேட்டரியில் ரேடியோவை அவரே மாட்டுகிறார். ஆறு மணிக்கு நம் வீட்டில் பாதி ஊர் உட்கார்ந்திருக்கிறது, தரையில் இடமில்லை. நீ வாசிப்பதை இருபது பேர் கேட்பார்கள். அந்த இருபது பேருக்கும் அன்று காலை உண்மையில் என்ன நடந்தது என்று தெரியும்.

நான் வானிலைக்காக ரேடியோ மாட்டவில்லை. ஆறரை மணி நேயர் விருப்பத்துக்கு ஒரு பாட்டு கேட்டு எழுதியிருந்தேன். யாருக்காக என்று கேட்காதே. பேட்டரி இறந்ததும் தந்திரத்தால் இல்லை. அட்டையில் ஓநாய் வெட்டி, ஹெட்லைட் பல்புக்கு முன்னால் பிடித்து, ஜன்னல் வழியே எதிர் வீட்டுச் சுவரில் நிழல் விழ வைத்து, போகிற வருகிறவர்களை மூன்று நாளாக அலறவிட்டேன். தபால்காரர் பையைப் போட்டுவிட்டு ஓடினார். அந்தப் பையில் உன் கடிதம் இருந்தது.

சனிக்கிழமை என் பாட்டு பாதி ஓடும்போது நீ குறுக்கே வந்தாய். உன்னைத் திட்டினேன். பிறகுதான் காது கொடுத்தேன். கேட்டது எல்லாம் புரிந்தது. இருந்தும் அப்பாவிடம் சொல்லவில்லை. எதில் கேட்டாய் என்பார், பேட்டரி வரும், ஓநாய் வரும், பெல்ட் வரும். காலையில் லாரி கிளம்பாதபோது தப்பித்தோம் என்று நினைத்தேன். அப்பா போய் டிராக்டர்காரரிடம் பேட்டரி இரவல் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

அதை மாட்டி முடிக்கிறவரை வாயைத் திறக்கவில்லை, அக்கா. அவர் உட்கார்ந்து சாவியைத் தொட்டபோதுதான் கதவில் தொங்கிக்கொண்டு அழ ஆரம்பித்தேன். உரையும் இல்லை, பானெட்டும் இல்லை. மூக்கு வழிய, "போகாதீங்கப்பா, புரான் வருதாம்" என்றேன்.

"எவன் சொன்னான்?"

"அக்கா. ரேடியோவுல."

எல்லோரும் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. "அவ எப்படிச் சொன்னா?" என்று கேட்டார். கராசு சாலை என்று வாசிக்கும்போது உன் குரல் தடுக்கியது, ஒரு நொடி நின்று மறுபடி ஆரம்பித்தாய் என்றேன். அப்பா சாவியை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பின்பக்கம் திரும்பி, "எல்லாரும் எறங்குங்க. எம் பொண்ணு பயந்திருக்கா," என்றார். குல்யாஷ் அத்தை அபசகுனம் என்று ஆரம்பித்தாள். "எம் பொண்ணு சும்மா பயப்படமாட்டா," என்றார். அவ்வளவுதான், அவள் இறங்கிவிட்டாள்.

ஆகவே காப்பாற்றியவன் நான் இல்லை. நான் கதவில் தொங்கியவன். குதிரைக்கறித் தட்டு மட்டும் உண்மை, ஆனால் அது முதல் தட்டு இல்லை, ஏழாவது.

வெள்ளிக்கிழமை வாசித்தே ஆக வேண்டும் என்றால் இந்தக் கடிதத்தை வாசி. ஓநாய் வரும் பத்தியை மட்டும் விட்டுவிடு, தபால்காரரும் கேட்க வருகிறார்.

உன் தம்பி,
மனர்