நிரப்பாத படிவம்

என்னங்க,

மதியம் சாப்பாட்டுப் பையைத் திறந்ததும் முதலில் இந்தக் கடிதம்தான் கைக்கு வரும். படித்துவிட்டே சாப்பிடுங்கள்.

கணக்காளர் தேர்வுக்கு நம் கம்பெனி வருடத்துக்கு ஒருவருக்குத்தான் பணம் கட்டும். ஏழு வருடங்களுக்கு முன்பு அந்த ஒருவர் நான். "முதல்ல நான் எழுதிடறேனே, அடுத்த தடவை நீதான்" என்றீர்கள். விட்டுக்கொடுத்தேன். நீங்கள் தேறினீர்கள், கணக்காளர் சங்கத்தில் உறுப்பினர் ஆனீர்கள், எங்கள் பிரிவுக்கே அதிகாரியும் ஆனீர்கள்.

போன வாரம், இந்த வருடத் தேர்வுக்குப் பணம் கேட்டு நான் போட்ட விண்ணப்பம் திரும்பி வந்தது. "மேலிடத்துல ஒத்துக்கலைம்மா, நானும் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன்" என்று முகம் வாடி நின்றீர்கள். பாவம் என்று நான்தான் உங்களைத் தேற்றினேன்.

முடிந்த கோப்புகளை அடுக்குகிறவள் யார் என்பதை மறந்துவிட்டீர்களே! நேற்று என் விண்ணப்பக் கோப்பு என்னிடம் வந்தது. "தரலாமா?" என்று மேலாளர் கேட்டிருக்கிறார். அதன் கீழே உங்கள் கையெழுத்தில், "இவருக்குத் தேவையில்லை. வீட்டுப் பொறுப்புகள் அதிகம்."

வீட்டில் 'நீ', கோப்பில் 'இவர்'. மரியாதைக்கு ஒன்றும் குறைச்சலில்லை.

உங்கள் சங்க உறுப்பினர் புதுப்பிப்புப் படிவத்தையும் இதனுடன் மடித்து வைத்திருக்கிறேன். இன்றுதான் கடைசி நாள். வருடாவருடம் நான் நிரப்பித் தருவேன், நீங்கள் கையெழுத்து மட்டும் போடுவீர்கள். இந்த முறை ஒரு கட்டத்தைக்கூட நிரப்பவில்லை.

வீட்டுப் பொறுப்புகள் அதிகம்.

இப்படிக்கு,
கோப்பு அடுக்குகிறவள்