கியர் பிடிக்கிற உத்தியோகம்

மச்சான்,

புது ரப்பருக்கு ஒரு வாசனை உண்டு. பள்ளிக்கூடம் திறக்கிற வாரத்தில் செருப்புக்கடைக்குள் நுழைந்தால் அடிக்குமே, அது. நேற்று மெக்கானிக் சேகர் ஜாக்கியைத் தேடி நம் பிக்கப்பின் சீட்டைத் தூக்கியபோது அந்த வாசனைதான் முதலில் வந்தது. அதன் பின்னால் ஒரு பொட்டலம் வந்தது. நீலக் கட்டம் போட்ட கைலித் துணியில் சுற்றி, சணல் போட்டு இறுக்கிக் கட்டியிருந்தது. பிரித்தால் உள்ளே ஒரு எஞ்சின் மவுண்ட். கல்யாணப் பெண் மாதிரிப் புதுசு. ஒரு சொட்டு எண்ணெய்கூடப் படவில்லை.

செத்தவனைத் திட்டக் கூடாது என்பார்கள். நான் உன்னைத் திட்டினேன். அதைத்தான் இப்போது உட்கார்ந்து விவரமாக எழுதிக்கொண்டிருக்கிறேன்.

உனக்கு மறந்திருக்காது. கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்துக்குப் பின்னால் நான் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்த காலம் ஒன்று. ஊரில் எல்லார் கைக்கும் கேமரா போன் வந்தது, என் கடைக்கு ஈ வந்தது. ஷட்டரை இறக்கிவிட்டு வீட்டில் உட்கார்ந்தேன். சும்மா இருக்கிற ஆம்பிளை வீட்டில் என்னவெல்லாம் குற்றம் கண்டுபிடிப்பான் என்பதற்கு உன் தங்கை செல்வியிடம் இன்றைக்கும் பட்டியல் இருக்கிறது. ரசத்தில் புளி, கொடியில் துணி, பல்லியின் நடமாட்டம் வரைக்கும் நான் கருத்துச் சொன்னேனாம். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன் என்ற பாவத்துக்கு நீதான் ஒருநாள் வந்து, தலையைச் சொறிந்துகொண்டு, பிக்கப்பில் எஞ்சின் மவுண்ட் போய்விட்டது என்றாய்.

எஞ்சினை வண்டியின் அடிச்சட்டத்தோடு பிடித்து வைக்கிற ரப்பர் கட்டைதான் மவுண்ட் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். அது பிய்ந்தால் எஞ்சின் தொட்டில் மாதிரி ஆடுமாம். மேடு ஏறும்போது அந்த ஆட்டத்தில் கியர் தானாகக் கழன்று கொள்ளுமாம். "இந்த மாடலுக்கு மவுண்டு வர்றதே நின்னு போச்சி மாப்ள. உளுந்தூர்பேட்டை வரிக்கும் கேட்டுட்டேன். மலை ஏறசொல்ல கியரைப் புடிச்சிக்க ஒரு ஆள் வேணும். நீ வர்றியா?" என்று கேட்டாய்.

வந்தேன். வேலை சுலபம். கச்சிராயபாளையம் தாண்டி மலைப்பாதை தொடங்கியதும் நீ க்ளட்சை மிதித்து இரண்டாவது கியரைப் போட்டு "புடி" என்பாய். நான் வலது கையால் கியர் கம்பியை அழுத்திப் பிடித்துக்கொள்வேன். மாற்ற வேண்டிய இடத்தில் "வுடு" என்பாய். விடுவேன். வெள்ளிமலை வரைக்கும் நமக்குள் இந்த இரண்டு வார்த்தைதான் தொழில். மற்றதெல்லாம் ஊர்வம்பு. மேலே மளிகையும் சிமெண்டும் ஏறின, கீழே மரவள்ளியும் பலாவும் இறங்கின. யார் வீட்டு மருமகள் கோபித்துக்கொண்டு திருக்கோவிலூருக்குப் போனாள், யார் தலைக்கு மை அடித்துக்கொண்டு பெண் பார்க்கப் போனான் என்பதெல்லாம் வளைவுக்கு ஒன்றாக ஏறி இறங்கியது.

எனக்கோ தலைகால் புரியவில்லை. நான் இல்லாவிட்டால் வண்டி மலை ஏறாது என்று டீக்கடை டீக்கடையாகச் சொன்னேன். கையில் காய்ப்பு விழுந்ததை வருகிறவன் போகிறவனிடமெல்லாம் காட்டினேன். தூக்கத்தில் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு "புடிச்சிட்டேன், புடிச்சிட்டேன்" என்று உளறியதாகச் செல்வி சொல்வாள். நீ எதையும் மறுத்துப் பேசவில்லை. ஒரே ஒரு தடவை, கோமுகி அணைப் பக்கம் வண்டியை ஓரங்கட்டித் தண்ணீர் குடிக்கும்போது, "தனியா ஏறுனா இந்த ரோடு நீளமாப் பூடுது மாப்ள" என்றாய். ஏதோ ரோடைப் பற்றிச் சொல்கிறாய் என்று நினைத்துக்கொண்டேன்.

போன மழைக்காலத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த நீ எழுந்திருக்கவேயில்லை. காரியம் முடிந்தது. வண்டி என் கைக்கு வந்தது. ஓட்டத் தெரியும், கியரையும் நானே பிடித்துக்கொண்டு ஓட்டத் தெரியாது. துண்டைப் போட்டு கியரைச் சீட்டோடு கட்டிப் பார்த்தேன். அவசரத்துக்கு முடிச்சு அவிழவில்லை. வாசலில் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த உன் தங்கை ஏறி, முன்பு நான் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்து, கியரில் கையை வைத்தாள். "எங்க அண்ணன் வண்டி. நின்னுகினு இருந்தா நல்லாவா இருக்கும்? எடுங்க."

கல்யாணமான நாளிலிருந்து நானும் அவளும் இவ்வளவு நேரம் ஒரே திசையைப் பார்த்து உட்கார்ந்ததில்லை மச்சான். வீட்டில் அவள் அடுப்பைப் பார்ப்பாள், நான் டிவியைப் பார்ப்பேன். வண்டியில் அவள் பேசினாள். சின்ன வயதில் நீ அவளைச் சைக்கிளில் வைத்து மணலூர்பேட்டைத் திருவிழாவுக்குக் கூட்டிப்போய், ஜிலேபி வாங்கக் காட்டிய ஆர்வத்தில் அவளை மறந்துவிட்டு வந்த கதையை எல்லாம் சொன்னாள். சொல்லிச் சிரித்து, சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். அழுவதற்கும் அவளுக்கு அந்தச் சீட்டுதான் தோதாக இருந்தது.

நடுவில் அவளே கேட்டாள், அந்த மவுண்டை மாற்றினால் என்ன என்று. மாற்றிவிட்டால் கியர் தானாக நிற்கும். கியர் நின்றால் அவள் எதற்கு வருவாள்? வாயைத் திறந்தேன், உன் வசனம் வந்து விழுந்தது. இந்த மாடலுக்கு மவுண்டு வருவதே நின்று போய்விட்டது, உளுந்தூர்பேட்டை வரைக்கும் கேட்டாயிற்று என்றேன். உண்மையில் பக்கத்துத் தெருக் கடையில்கூட நான் கேட்கவில்லை.

போன வாரம் வினை வந்தது. உன் தங்கைக்குக் கை இல்லாமல் கதை சொல்ல வராது. சிமெண்ட் லோடோடு மலை ஏறிக்கொண்டிருக்கிறோம். எதிர்வீட்டுக்காரி புது மிக்ஸியில் மூடியை மறந்து தேங்காய்ச் சட்னி அரைத்த கதை. சட்னி சுவரெல்லாம் தெறிக்கிற கட்டத்தில் இவள் இரண்டு கையையும் தூக்கிக் காட்டினாள். கியர் டொக்கென்று கழன்றது. வண்டி பின்னால் உருண்டது. பிரேக்கில் ஏறி நின்றேன் என்றே சொல்ல வேண்டும். பின்னால் வந்த பஸ் டிரைவர் தலையை நீட்டி, "இன்னாண்ணே, ரிவர்ஸ்லயே வெள்ளிமலை போறியா?" என்று கேட்டார். பஸ்ஸே சிரித்தது. செல்வி மட்டும் சிரிக்கவில்லை. ஊர் வந்து சேரும்வரை கியரை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள், கதையும் நின்றுபோனது.

மறுநாளே சேகரிடம் சொல்லிவிட்டாள். நேற்றுக் காலையில் வந்தவனிடம், நான் கண்ணால் காட்டிய ஜாடையெல்லாம் வீண். "இந்த மவுண்டா? கடைக்குக் கடை தொங்குதேண்ணே" என்றான் அந்தப் புண்ணியவான். செல்வி என்னைப் பார்த்தாள். நான் வேப்பமரத்தைப் பார்த்தேன். அந்த நேரம் பார்த்துத்தான் அவன் சீட்டைத் தூக்கினான்.

கைலித் துணியை நான் பார்ப்பதற்கு முன்னாலேயே அவள் பார்த்துவிட்டாள். "இது எங்க அண்ணனுது" என்று வாங்கி முகர்ந்தாள். பொட்டலத்தைப் பார்த்தாள், வண்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். எல்லாம் புரிந்து, அப்படியே தரையில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். அப்போதுதான் நான் உன்னைத் திட்டினேன். இத்தனை வருஷம் இதன் மேலேயே உட்கார்ந்துகொண்டு, கிடைக்கவில்லை என்றாயே, திருட்டுப்பயலே. கடை மூடியவனுக்கு ஒரு உத்தியோகம் கொடுக்க உனக்கு வேறு வழியே தோன்றவில்லையா? இல்லை, ரோடுதான் நீளமாக இருந்ததா?

சிரிப்பு அடங்கியதும் அவள் நிதானமாக என்னைக் கேட்டாள். "அவுரு இல்லன்னாரு, சரி. நீங்க ஏன் இல்லன்னீங்க?"

சேகர் ஸ்பேனரை வைத்துவிட்டு, பதிலுக்காக அவனும் காத்திருந்தான். எனக்குச் சட்டென்று இருமல் வந்தது.

வேலை சீக்கிரம் முடிந்தது. எஞ்சினுக்கு அடியில் பலகை வைத்து ஜாக்கியால் கொஞ்சம் போலத் தூக்கினான். போல்ட்டைக் கழற்றிப் பழையதை உருவினான். ரப்பர் கிழிந்து, மெழுகு மாதிரி வழிந்து, இரும்போடு இரும்பு உரசிக் கிடந்தது. புதியதை நுழைத்து, போல்ட்டுகளைக் கையால் ஏற்றி, எஞ்சினை இறக்கி உட்காரவைத்த பிறகுதான் முறுக்கினான். ஸ்டார்ட் பண்ணினேன். டேஷ்போர்டில் ஓயாமல் தலையாட்டிக்கொண்டிருந்த முருகர் அசையாமல் நின்றார். "சாமிக்கு இன்னிக்குத்தான் கழுத்து வலி வுட்டுச்சி" என்று சொல்லிவிட்டுச் செல்வி உள்ளே போய்விட்டாள். அவள் உட்காருகிற இடம் காலியாக இருந்தது. இவ்வளவு நல்லபடியாக ரிப்பேர் ஆன வண்டியைப் பார்த்து இவ்வளவு வருத்தப்பட்டவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

இன்று காலை மளிகை லோடு. தனியாகத்தான் ஏறினேன். சாவியைத் திருகும்போது அந்தப் பக்கக் கதவு திறந்தது. சாப்பாட்டுத் தூக்கு முதலில் ஏறியது, பிறகு உன் தங்கை. கியர்தான் இனிமேல் கழலாதே என்றேன், வாய் சும்மா இருக்காமல்.

"தெரியும். சட்னி கதையைப் பாதில வுட்டுட்டேன்" என்றாள்.

மலைப்பாதை தொடங்கியதும் இரண்டாவது கியரைப் போட்டேன். தேவையே இல்லை, ஆனாலும் அவள் கை வந்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டது. கதை சொல்லும்போது எடுத்தாள், சொல்லி முடித்ததும் வைத்தாள். மேட்டில் கியர் மாற்ற வேண்டிய இடம் வந்தது. "வுடு" என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை மச்சான். வண்டியை அப்படியே முக்கவிட்டு ஏற்றினேன்.

பழைய மவுண்டைச் சேகர் இரும்புக்கடைக்குப் போடச் சொன்னான். உன் கைலித் துணியிலேயே அதைச் சுற்றி, அதே சணலால் கட்டி, சீட்டுக்கு அடியில் வைத்திருக்கிறேன். எப்போது தேவைப்படும் என்று யாருக்குத் தெரியும்.