ஒன்பதாம் நம்பர் மரம்

சங்கரன்கோவில்,
14-11-1954

அன்புள்ள தம்பி முகம்மது ஹுசைனுக்கு, காந்திமதிநாதன் எழுதுவது. உன் சுகத்தை விசாரிக்கும் தகுதி எனக்கில்லை. ஆனாலும் அதைத்தான் முதலில் கேட்கிறேன்.

பத்து நாள் லீவில் மலையிலிருந்து ஊருக்கு வந்திருக்கிறேன். இங்கே நல்ல மழை. உன் மதினி பிரம்மநாயகிக்கு மூட்டுவலி, மற்றபடி சுகம். உன் வீட்டு மேற்குச் சுவர் மழையில் சரிந்திருக்கிறது. கட்டுவதற்குக் கொத்தனாரிடம் சொல்லியிருக்கிறேன்.

மூன்று வருஷத்துக்கு முன் நம் மலை நாற்றங்காலில் கலப்பின பைன் மரங்களின் குச்சிகளை வெட்டி மணலில் நட்டோமே. நான்காம் நம்பரும் ஒன்பதாம் நம்பரும் ஒரே தாய்மரத்து விதையில் பிறந்தவை. தகப்பன் மரமும் ஒன்று, வயதும் ஒன்று. நான்காம் நம்பர்ப் பாத்தியைச் சிவனாண்டி பார்த்தான், ஒன்பதை நீ பார்த்தாய். ஆறு மாதம் கழித்துப் பிடுங்கியபோது அவன் குச்சிகளில் பாதிக்கு மேல் வேர்விட்டிருந்தன. உன்னுடையதில் ஒன்றில்கூட வேரில்லை, அடி கறுத்திருந்தது. நீ தண்ணீர் விடவில்லை என்று ஆபீசருக்கு எழுதிக் கொடுத்தவன் நான். உன் வேலை போயிற்று. கொழும்புக்குக் கடை வேலைக்குப் போய்விட்டாய்.

அன்று நீ சொன்னாய்: "அண்ணாச்சி, நான் தண்ணி குறை வைக்கல. இந்த மரத்துக் குச்சிதான் பிடிக்க மாட்டேங்குது. வேற ஆளு கையில குடுத்துப் பாருங்க." நான் காதில் வாங்கவில்லை. உடன்பிறந்த மரங்கள்தானே, ஒன்று பிடித்தால் மற்றதும் பிடிக்க வேண்டும் என்று நினைத்தேன்.

போன வருஷம் ஒன்பதைச் சிவனாண்டி பார்த்தான். ஒன்றும் பிடிக்கவில்லை. இந்த வருஷம் அறுபது குச்சி நட்டு, காலையும் மாலையும் நானே தண்ணீர் தெளித்தேன். அறுபதும் போயின. நான்காம் நம்பரோ யார் நட்டாலும் வேர்விடுகிறது. அந்தக் குணம் மரத்துக்குப் பிறப்பிலேயே அமைவது, உடன்பிறப்பிலும் ஒன்றுக்கு வாய்க்கும், ஒன்றுக்கு வாய்க்காது என்று ஆபீசர் சொன்னார். நான் எழுதியது தவறு என்று கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டேன். உன்னைத் திரும்ப எடுத்துக்கொள்ள உத்தரவும் வந்துவிட்டது.

நேற்று இதைச் சொல்ல உன் வீட்டுக்குப் போனேன். உன் மனைவி ஜுலைகா பீவி சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். கேட்டதும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "நீங்க எழுதினா பொய்யா இருக்காதுன்னு நானும் நம்பிட்டேனே அண்ணாச்சி. தண்ணி ஊத்தினேன் புள்ள, சத்தியமா ஊத்தினேன்னு காயிதம் காயிதமா எழுதுனாக. நான் ஒண்ணுக்குக்கூடப் பதில் போடலையே" என்று அழுதாள். என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

மாசிக்குப் பிறகு உன்னிடமிருந்து கடிதமே இல்லையாம். நீ காய்ச்சலில் கிடந்ததாகவும், அதன்பின் கடைப் பக்கம் உன்னைக் காணவில்லை என்றும் கொழும்பிலிருந்து வந்த ஒருவர் சொன்னாராம். உன் பழைய கடிதத்தில் இருந்த கடை விலாசத்துக்கே இதை அனுப்புகிறேன்.

என்னை நீ மன்னிக்க வேண்டாம். வேலையில் சேரவும் வேண்டாம். ஒரு தரம் வந்து அவளுக்கு முகம் காட்டிவிட்டுப் போ.

இந்த உறையைப் பிரிப்பவர் கடைக்காரராக இருந்தால், ஐயா, உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன். முகம்மது ஹுசைன் எந்த இடத்தில் இருந்தாலும், எந்த நிலையில் இருந்தாலும், அங்கே போய் இதைச் சத்தமாக வாசித்துவிடுங்கள்.

இப்படிக்கு,
உனக்குத் தீங்கு செய்த அண்ணன்,
காந்திமதிநாதன்