பாஸ்டர் ஜெபித்த கால்

மார்ச் 3, செவ்வாய்

விடிந்ததிலிருந்து மழை. துணி எதுவும் காயவில்லை. பத்தாங் டவுனுக்குப் போய் அரிசி, சோப்பு வாங்க வேண்டும்.

குப்பைப் பையைக் கட்டும்போது அடியில் மாத்திரை அட்டைகள். அந்தோணியின் இனிப்புநீர் மருந்து, சர்க்கரை வியாதிக்குக் கொடுத்தது. இரண்டு மாதத்துக்கானது, ஒன்றுகூடப் பிரிக்கவில்லை. அவரிடம் கேட்டால்:

"பாஸ்டர் ஜெபம் பண்ணிட்டாருலா. இன்னும் மருந்து சாப்பிட்டா கர்த்தர நம்பலன்னு அர்த்தம்."

வலது கால் கட்டைவிரல் கறுத்திருக்கிறது. தோட்டத்தில் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறவர். பூட்ஸுக்குள் மறைத்தே நாட்களை ஓட்டியிருக்கிறார். பதினெட்டு வருடப் புருஷன். அறையலாம் போல இருந்தது.

மார்ச் 4, புதன்

பாஸ்டர் வீடு. மைலோ கலக்கிக் கொடுத்தார். தொடவில்லை.

"நான் நிறுத்தச் சொல்லல, சிஸ்டர். விசுவாசம் இருந்தா மருந்து எதுக்குன்னு மட்டும்தான் கேட்டேன்."

மட்டும்தானாம்! எனக்கும் விசுவாசம் உண்டு. அதனால்தான் இவ்வளவு கோபம்.

வீட்டில் சண்டை. அந்தோணி ஆஸ்பத்திரிக்கு வரவே மாட்டாராம். கடைசியில் அழுதார்.

"கிளினிக்ல யாரும் என் மூஞ்சியக்கூட பாக்கல. பாஸ்டர்தான் என் கால மடியில வச்சு அழுதாரு, மேரி."

நான் அந்தக் காலைத் தொட்டு எத்தனை நாள்? இப்போது என்மேலும் கோபம்.

மார்ச் 6, வெள்ளி

காய்ச்சல் ஏறி உளறினார். பக்கத்து வீட்டுக் காரில் ஆஸ்பத்திரி. விரலை எடுத்துவிட்டார்கள். டாக்டர் சின்னப் பெண். ஏன் இவ்வளவு தாமதம் என்று மலாயில் கேட்டாள்.

பாஸ்டர் ஆரஞ்சுப் பழத்தோடு வந்தார். வாங்கி வைத்தேன். உரிக்கவில்லை.

மார்ச் 22, ஞாயிறு

சபை. அந்தோணி ஊன்றுகோலோடு சாட்சி சொன்னார். "ஒரு விரலோட நிறுத்தி கர்த்தர் என் கால காப்பாத்திட்டாரு!" அல்லேலூயா, கைதட்டல்.

எழுந்துவிட்டேன்.

"மருந்த குப்பையில போட்டதாலதான் விரல் போச்சு. அதையும் சொல்லுங்க. கர்த்தருக்குப் பொய்ச் சாட்சி வேணாம்."

அந்தோணி தரையைப் பார்த்தார். பாஸ்டர் அவசரமாகப் பாட்டு ஆரம்பித்தார். வெளியே வந்துவிட்டேன்.

பின்னாலேயே சூசன் அக்கா. முன்வரிசையில் நின்று பாடுகிறவர், ரத்தக் கொதிப்பு உள்ளவர். என் கையைப் பிடித்தார்.

"நானும் மூணு மாசமா மருந்து போடல, மேரி. உள்ள யாருக்கும் தெரிய வேணாம். நாளைக்கு என்னைய கிளினிக்குக் கூட்டிட்டுப் போறியா?"