ஈரல் கலமும் சேகரின் வகுப்பும்

நவம்பர் 8, வெள்ளி

இத்தனை வருடமாக உயிரியல் படிப்பிக்கிறேன். என் மகள் அதே பாடத்துக்கு லிங்கநகரில் சேகரிடம் ரியூசனுக்குப் போகிறாள். என்னோடு படித்தவன் அவன். பரீட்சையில் எப்போதும் எனக்குப் பின்னால்தான்.

இன்று சாப்பிடும்போது அவன் படிப்பித்ததில் பிழை பிடிக்கலாம் என்று, உயிர்க்கலத்தை உள்ளிருந்து தாங்கும் குழியவன்கூடு பற்றி அவளிடம் கேட்டேன்.

"ஈரல் கலம் செய்யிற புரதம் தானா மிதந்து வெளியால போகாதப்பா. நுண்குழாய்தான் தண்டவாளம், அதில ஏத்தித்தான் அனுப்பும். பித்தம் ஓடுற கானைச் சுத்தி இருக்கிற இழையள் இறுக்கிப் பித்தத்தைத் தள்ளும். சேகர் சேர் கையைப் பொத்திக் காட்டினவர்."

"அது புத்தகத்திலயே இருக்கு."

"ஓம், இருக்கு. நீங்கள் கலத்தைக் கரும்பலகையில தண்ணிப் பை மாதிரியெல்லோ கீறுறனீங்கள்!"

குசினிக்குள் மனைவி சிரித்தாள்.

பிறகு மூன்று புத்தகங்களைப் புரட்டினேன். ஒரு பிழையாவது விட்டிருப்பான் என்று தேடினேன். விடவில்லை.

படுக்கப் போகுமுன் மகள் கேட்டாள்: "அப்பா, நாளைக்குக் காலமை வகுப்பில கொண்டுபோய் விடுறீங்களா?"

ஓம் என்றேன். வேறென்ன சொல்வது? வாசலுக்கு அவன் வருவான். "மச்சான், ஏன் வெளியில நிக்கிறாய்? வா, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ" என்பான். அதையும் மனதாரத்தான் சொல்வான். அதைத்தான் என்னால் தாங்க முடிவதில்லை.