மணி வைத்த சிப்பி

தூத்துக்குடி,
ஆகஸ்ட் 1975

பாசமுள்ள ஜெயசிங் அண்ணனுக்கு,

தங்கச்சி ஜீவமணி எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் இங்கே எல்லோரும் சுகம். வேலூர் ஆஸ்பத்திரிச் சாப்பாடு உனக்கும் அம்மாவுக்கும் ஒத்துக்கொள்கிறதா?

அண்ணே, முத்து வந்துவிட்டது! எங்கள் ஆய்வுக்கூடத்தில் சிப்பியைக் கீறி உள்ளே சின்ன மணி வைத்துக் கூடையிலிட்டுக் கடலில் தொங்கவிடுகிறோம் அல்லவா, நான் வைத்த சிப்பியில் இன்று முத்து இருந்தது. எந்தச் சிப்பி தெரியுமா? போன வருஷம் நீ கணக்குப் பாடம் நடத்தும்போது காலேஜில் மயங்கி விழுந்ததாகத் தந்தி வந்த அன்று, கை நடுங்க நடுங்கக் கீறிய சிப்பி. இது தேறாது என்று எங்கள் விஞ்ஞானி சார் அப்போதே சொல்லிவிட்டார். முத்துக்குளிக்கிற இனிகோ அண்ணாச்சியோ, "ஏளா, முத்து ஆண்டவர் குடுக்கது, நீ வச்சா வருமாக்கும்?" என்று சிரித்தார். இன்று அவரே கையில் வாங்கிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் குதித்த குதியில் வாளி கவிழ்ந்து சார் வேட்டியெல்லாம் உப்புத் தண்ணீர்.

இனி உன் சங்கதிக்கு வருகிறேன். இதய ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறாயாமே? உலகமே யாரோ கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்க்கும் கணக்கு, நாம் அதில் ஓடும் எண்கள், விடை முன்னமே தீர்ந்துபோனது, போட்டாலும் போடாவிட்டாலும் ஒன்றுதான் என்று எழுதியிருக்கிறாய். நல்லா இருக்கு உன் கணக்கு!

சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். கூடையில் இருக்கும் சிப்பிக்கும் கூடைதான் கடல். அதை மிதவையில் தொங்கவிட்டது நான் என்று அதற்குத் தெரியவா போகிறது? நம் கூடையையும் யாரோ தொங்கவிட்டிருக்கலாம். ஆனால் ஒரே தண்ணீர், ஒரே மணி, ஒரே கை. பக்கத்துச் சிப்பி மணியைத் துப்பியது, இன்னொன்று செத்தது, இது முத்தாக்கியது. ஏனென்று சாருக்கே விளங்கவில்லை. என் கை நடுங்கியதும் எழுதிவைத்ததுதான் என்பாய். இருக்கட்டுமே! அந்தக் கை கத்தியை எடுத்ததே, அதுவும் சேர்ந்துதானே முத்து? உன் கையெழுத்தும் அப்படித்தான்.

இன்னொன்று. நாம் வெறும் எண்கள் என்றால், முத்தைப் பார்த்ததும் என் நெஞ்சுக்குள் ஜில்லென்று ஆனதே, அது எந்த எண்? கணக்கு வாத்தியாரே, சொல்லும் பார்ப்போம்.

துள்ளித் துள்ளி எழுதுகிறாளே, இவளுக்குப் பயமில்லை என்று நினைக்காதே. பிழைப்பது பாதிக்குப் பாதி என்றாராம் டாக்டர். நான் முழுசையும் கேட்டு முழங்காலில் நிற்கிறேன். ஆண்டவர் உன் மூச்சுக்குக் காவலாயிருப்பாராக. இதற்குப் பதில் எழுத வேண்டாம், அண்ணே. அந்த ஆஸ்பத்திரிக் காகிதத்தில் உன் பெயரை மட்டும் எழுது.

உன் தங்கச்சி,
ஜீவமணி