அணையாத பச்சைப் புள்ளி

அன்புள்ள குட்டிம்மாவுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சின்னவளும் நோய்நொடி இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆனால் ஒரு விஷயத்தை உன்னிடம் மறைத்துவிட்டேன். இரண்டு தடவை போனில் சொல்லப் பார்த்தேன், முடியவில்லை, அதனால்தான் கடிதம்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் பாத்ரூம் வாசலில் வழுக்கி விழுந்தேன். பதறாதே, எலும்பு எதுவும் முறியவில்லை, இடுப்பில் நல்ல அடி, இப்போது நடக்கிறேன். ஆனால் அன்றைக்கு எழுந்திருக்க முடியவில்லை, போனோ சமையலறையில். எட்டு மணிக்கு விழுந்தவன் மூன்று மணி வரை ஈரத் தரையில் கிடந்தேன், கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போனது. மூடாமல் விட்ட குழாய்த் தண்ணீர் படியில் இறங்கவே கீழ்வீட்டுத் தையல்கார அம்மா சண்டை போட ஏறி வந்தார், நல்ல வேளை கதவுக்குத் தாழ் போடவில்லை, அவர்தான் தூக்கி உட்கார வைத்தார். சாயந்திரம் போனைப் பார்த்தால் உன் செய்தி. காலையிலேர்ந்து வீடியோ கால் ஆப்புல உங்க பேருக்குப் பக்கத்துல பச்சைப் புள்ளி எரியுது, கம்ப்யூட்டரை விட்டு எழுந்திருக்கவே மாட்டீங்களாப்பா என்று கேலி செய்திருந்தாய். அழுகை வந்துவிட்டது குட்டிம்மா. ஆமாம்மா, பாட்டு கேட்டுட்டு இருந்தேன் என்று பதில் போட்டேன்.

முப்பத்துநாலு வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவனுக்கு, ஒரு மெஷின் ஏன் நிற்கவில்லை என்று தெரியாமல் சோறு இறங்குமா. உன்னோடு வீடியோ கால் பேசி முடித்ததும் அந்த ஆப்பின் மூலையில் இருக்கும் பெருக்கல் குறியை அழுத்துவேன், மூடிவிட்டேன் என்றே நினைத்திருந்தேன். கம்ப்யூட்டர் கடைக்காரரைக் கேட்டால், சார் அது மூடுறது இல்ல, ஒளிஞ்சுக்கிறது, உள்ள ஓடிட்டே இருக்கிற வரைக்கும் பச்சையும் எரியும் என்கிறார். கீழே மணி காட்டும் மூலையில் சின்ன அம்புக்குறியை அழுத்தினால் உள்ளே உட்கார்ந்திருக்கிறது கள்ளப்பயல். மவுஸின் வலது பொத்தானை அழுத்தி வெளியேறச் சொன்னேன், அசையவில்லை. உள்ளே என்னென்ன ஓடுகிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் அதே ஆப்பின் பெயர் மூன்று இடத்தில், ஒவ்வொன்றாக எண்ட் டாஸ்க் கொடுத்து ஒழித்தேன். மறுநாள் கம்ப்யூட்டரைப் போட்டதும் மறுபடி ஆஜர், தானாகக் கிளம்பும் ஆப்களின் ஸ்டார்ட்அப் பட்டியலில் இடம்பிடித்து வைத்திருக்கிறது, அதையும் எடுத்தேன். கடைக்காரர் தன் போனில் பார்த்து, பச்சை போயிடுச்சு சார் என்றார்.

அது போன வெள்ளிக்கிழமை. அப்புறம் நான் செய்ததைச் சொன்னால் சிரிப்பாய். பச்சை இல்லை என்றதும் ஒரு மணி நேரத்தில் பதறிக் கூப்பிடுவாய் என்று போனைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு காத்திருந்தேன், ஒண்ணும் இல்லம்மா என்று சொல்ல ஒத்திகை வேறு பார்த்தேன். வெள்ளி, சனி, ஞாயிறு போனது. திங்கட்கிழமை சின்னவள் பல் விழுந்த படம் அனுப்பினாய், வாய் நிறையச் சிரிக்கிறாள் போக்கிரி. பச்சையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கோபத்தில் உன்னைத் திட்டி ஒரு கடிதம் எழுதிக் கிழித்துப் போட்டேன். உனக்கு வேலை, பிள்ளை, வீடு, எனக்குத் தெரியாதா. ஆனாலும் இங்கே வெறிச்சென்று இருக்கிறது, நாள் முழுக்க ஒரு வார்த்தைகூடப் பேசாமல் படுக்கப் போகிறேன். இதை உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்.

மூன்று பேரும் தீர்க்காயுசோடு நன்றாக இருக்க வேண்டும். மாப்பிள்ளையை வண்டியை மெதுவாக ஓட்டச் சொல், நீ நேரத்துக்குச் சாப்பிடு. ஒன்றை மட்டும் மறக்காதே. அந்தப் பச்சை இனி எரியாது, அப்பா எப்படி இருக்கிறேன் என்று தெரிய வேண்டுமானால் கூப்பிட்டுக் கேள். நல்லா இருக்கேன் என்றுதான் சொல்வேன். அதை நம்பாமல் இன்னொரு தடவை கேள்.

இப்படிக்கு,
உன் அப்பா